பாரிமுனையிலிருந்து வந்த படம்

அன்புள்ள ரகு,

நீ வரைந்த சென்னை உயர் நீதிமன்றப் படம் நேற்று கூரியரில் வந்தது. பட்டர் பேப்பர் வைத்து அனுப்பினாயே, நல்லதாய்ப் போயிற்று. பென்சில் தீற்றல் எங்கும் கலையவில்லை. பேத்தி எண்ணெய்க் கையோடு தொடப் போனாள், பிடித்து நிறுத்தினேன்.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஏதோ மாடியில் நின்று வரைந்திருக்கிறாய் போல. உயர் நீதிமன்றம் என்றாலே எல்லோரும் அந்தச் செங்கல் சிவப்புக்குத்தான் ஆசைப்படுவார்கள். நிறமே இல்லாமல் பார்க்கும்போதுதான் கட்டடம் தெரிகிறது. வளைவுகளுக்குள் அந்தக் கருகருவென்ற 6பி பென்சிலை அழுத்தியிருக்கிறாய், இல்லையா? குவிமாடத்தில் வெயில் விழும் பக்கம் வெறும் காகிதம். அந்தத் துணிச்சல் உனக்கு முன்பு கிடையாது. ஒரு மூலை விடாமல் தீற்றி நிரப்புவாய்.

வளாகத்துக்குள் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத் தூணைச் சேர்த்தது பிடித்தது. 1844-இல் விளக்கேற்றிய தூண். 1892-இல் பக்கத்திலேயே நீதிமன்றம் எழுந்தது. இரண்டே வருஷத்தில் விளக்கு அதன் பெரிய கோபுரத்துக்கு ஏறிவிட்டது. 1977-இல் மெரினாவுக்குப் போகும்வரை அங்கேதான் எரிந்தது. உன் படத்தில் இரண்டின் உயரத்தையும் பார்த்தாலே காரணம் புரிந்துவிடுகிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கீழ்மூலையில் போகும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைத்தான். ஆளுக்கு முகமே இல்லை, நாலைந்து கிறுக்கல்தான். சீட்டிலிருந்து எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதிக்கிறாரே, அதிலேயே பாரம் தெரிகிறது. தலைக்கு மேலே கேபிள் ஒயர்களையும் விட்டுவைக்கவில்லை. அவை இல்லாவிட்டால் அது பாரிமுனையே இல்லை.

மரங்கள்தான் சரியில்லை, கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் ஒரே அச்சு. நடுநடுவே வானம் தெரிய இடைவெளி விட்டிருக்கலாம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே சீரியல் பார்க்கிறாள். தம்பி மகனுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வரும். கும்பகோணத்துக்கு நோட்டும் பென்சிலுமாக வந்து சேர்.

அப்புறம், பிராட்வே பஸ் ஸ்டாண்டையும் சீக்கிரம் வரைந்துவிடு. இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதே.

படத்தை ஃபிரேம் போடக் கொடுக்கப்போகிறேன். கண்ணாடி காகிதத்தில் ஒட்டாமலிருக்கச் சுற்றிலும் அட்டை வைக்க வேண்டுமாம். நீயோ கையெழுத்தை ஓரத்தில் போட்டிருக்கிறாய். அட்டை அதை மறைத்துவிடும். பரவாயில்லையா என்று போன் செய்து சொல்.

அன்புடன்,
மூர்த்தி