கடன் தர மறுப்பவர்கள் காரணத்தையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் சேரவிருந்த என் மகளுக்குக் கைப்பேசி வாங்குவதற்காகக் கரூரில் உள்ள ஒரு கடைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். 24,000 ரூபாய் விலைக்கு 6,000 ரூபாயை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 18,000 ரூபாயை மாதம் 2,000 வீதம் ஒன்பது தவணைகளில் செலுத்துவதாகப் பேசி முடித்தோம். மொத்தமாகவே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, அது கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து வந்த மாதம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. கடையிலேயே மேசை போட்டு அமர்ந்திருந்த நிதி நிறுவனப் பணியாளர், என் பான் எண்ணையும் ஆதார் எண்ணையும் பதிந்து, ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி, ஐந்து நிமிடத்திற்குள் "ரிஜெக்ட் ஆயிடுச்சு சார், உங்க சிபிலைப் பாருங்க" என்றார். தவணைக்காகப் பக்கத்தில் காத்திருந்த நான்கைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிபில் என்பது, வாங்கிய கடனை ஒருவர் எவ்வளவு ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார் என்பதைக் காட்டும் மதிப்பெண். 300 முதல் 900 வரை போகும் அந்த அளவுகோலில் என் மதிப்பெண் 791. 2014-ல் வாங்கிய வீட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தாமதமானதில்லை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால், தேதி தவறுவது எனக்குக் கூச்சம் தரும் விஷயம். மதிப்பெண்ணைக் காட்டியபோது பணியாளர் மறுத்துப் பேசவில்லை; "சிஸ்டம் எடுக்கலை சார், இன்னொரு கம்பெனியில போட்டுப் பார்க்கலாம்" என்று மற்றொரு ஓ.டி.பி. கேட்டார். வந்த செய்தியை முழுதும் படிக்காமல் அதையும் சொன்னேன். அது என் தவறுதான். அங்கும் அதே விடை கிடைத்தது. என் கடன் தகவல் அறிக்கை பார்வையிடப்பட்டதாக இரவுக்குள் இரண்டு குறுஞ்செய்திகள் வந்து சேர்ந்தன. கடன் கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அறிக்கையில் பதிவாகிறது. அடுத்தடுத்து விழும் பதிவுகள் மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடும். கைக்கு வராத கடனுக்கும் நம் பெயரில் ஒரு தழும்பு விழுந்துவிடுகிறது.

யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. மதிப்பெண்ணோடு வயது, வேலை, குடியிருக்கும் பகுதி, ஏற்கெனவே கட்டிவரும் தவணை எனப் பலவற்றையும் அவர்கள் பார்க்கலாம். அவற்றுள் எது என்னைத் தள்ளியது என்பது மட்டுமே என் கேள்வி. உதவி எண்ணை அழைத்தால் "நிறுவனத்தின் உள் கொள்கை" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்துக்குப் போகலாம் என்றால், நிறுவனத்தின் வணிக முடிவு குறித்த புகார்கள் அதன் வரம்பிலேயே வருவதில்லை.

நம் கடன் விவரங்களைத் திரட்டி மதிப்பெண் போடும் கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் நான்கு இயங்குகின்றன. அவை நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், நான்கையும் எடுத்துப் படித்தேன். கடன் விவரங்களில் பிழையேதும் இல்லை. ஆனால் என் பெயர் மூன்று விதமாக இருந்தது. பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது. வீட்டுக் கடன் கணக்கிலோ அதே எழுத்து பின்னால் போய்விட்டது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாமல் தலைப்பெழுத்தோடு வாழும் நம்மில் பலருக்கும் இது பழகிய தொல்லை. இந்த மூவரும் ஒருவரே என்று கணினி ஏற்க மறுத்ததா, அல்லது 2011-ல் நான் காலி செய்துவிட்ட ஈரோட்டு வாடகை வீட்டின் முகவரி ஓர் அறிக்கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணமா, அதுவுமின்றி வேறு ஏதாவதா என்று ஊகிக்கத்தான் முடிகிறது. திருத்தக் கோரி மனு கொடுத்திருக்கிறேன். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அது நல்ல விதியே. ஆயினும், திருத்த வேண்டியது அதுதானா என்பதே தெரியாமல் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கடன் கிடைத்தவருக்கு வட்டி, கட்டணம், தவணை ஆகியவை அடங்கிய முக்கிய விவரக் குறிப்பை அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது, 2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயம். கடன் மறுக்கப்பட்டவருக்கு என் அனுபவத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும், சிறு கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் வங்கி அதன் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003-லேயே சொல்லி, 2007-ல் அதை எல்லா வகைக் கடன்களுக்கும் விரிவாக்கியது. கடை மேசையில் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கும் நிதி நிறுவனங்களிடமும் அந்தக் கடமையைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும். ஓ.டி.பி. அனுப்பத் தெரிந்த கணினிக்குக் காரணத்தைத் தமிழில் ஒரு வரியாக அனுப்புவது பெரிய வேலையல்ல. இரண்டாவது நிறுவனத்துக்கு விண்ணப்பம் போகும் முன், அந்நிறுவனத்தின் பெயரையும், அது அறிக்கையில் தனியாகப் பதிவாகும் என்பதையும் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும்.

மகளுக்கு 11,000 ரூபாயில் வேறொரு கைப்பேசியை ரொக்கத்துக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். பலர் முன்னிலையில் "சிபிலைப் பாருங்க" என்று சொன்ன அந்த நிறுவனத்திடம், அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்குமாறு விரைவு அஞ்சலில் கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கரூர்.