ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேராத மருந்துகள்: நேரச்சீட்டு வழங்கக் கோரி மனு

அனுப்புநர்
ஏ.ஆர்.டி. மைய மருந்தாளுநர்கள், ஆலோசகர்கள்

பெறுநர்
திட்ட இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சென்னை.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையங்களில், டி.எல்.டி. என்னும் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையை (டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி.) நாங்கள் கொடுக்கிறோம். சர்க்கரை மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வருகிறது. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்தும் கால்சியமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், காசநோய் மருந்து வேறொரு பிரிவில். எல்லாம் போவது ஒரே வயிற்றுக்குள். சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

காசநோய்தான் அவசரம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கி, இரத்தத்தில் டோலுடெக்ராவிரைக் குறைத்துவிடும். அதற்காகவே டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் விட்டு, டோலுடெக்ராவிர் மட்டும் உள்ள இன்னொரு 50 மி.கி. மாத்திரை தருகிறோம். இரண்டையும் காலையிலேயே சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. காசநோய் சிகிச்சை முடிந்த அன்றே கூடுதல் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. நொதிகள் அடங்க 2 வாரமாகும். கடைசி மாதம் 14 மாத்திரை சேர்த்துக் கொடுக்கவும், நிறுத்தும் தேதியை நோயாளி கையில் இருக்கும் சிகிச்சைப் பதிவேடான பச்சைப் புத்தகத்தில் எழுதவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதை டோலுடெக்ராவிர் தடுக்கிறது. எனவே ஒரு நாளைக்கு மெட்ஃபார்மின் 1,000 மி.கி. தாண்டக் கூடாது. 500 மி.கி. மாத்திரையில் அது இரண்டுதான்.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு டி.எல்.டி.யுடன் சேர்த்தே போடலாம். வெறும் வயிற்றில் என்றால் டி.எல்.டி. 2 மணி நேரம் முன்னதாக, அல்லது 6 மணி நேரம் கழித்து. அலுமினியம், மெக்னீசியம் கலந்த, நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் திரவத்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. எப்போதும் இதே இடைவெளிதான். கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கும் மருந்து என்பதால் நோயாளிகள் இதை மருந்தாகவே சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளிவரும்.

முதல் மருந்து பலன் தராதபோது கொடுக்கும், ரிடோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை மருந்து எடுப்பவருக்கு கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், ஒற்றைத்தலைவலிக்கான எர்கோட்டமின், ஆஸ்துமாவுக்கான புளூட்டிகசோன் இன்ஹேலர் கூடாது. காசநோய்க்கும் ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுட்டின்தான். இவர்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இதைச் சிவப்பில் அச்சிட வேண்டும்.

பிற துறை ஊழியர்களிடம் நோயைச் சொல்லச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம் பொதுவாக அனுமதிக்காது. நோயின் பெயரோ மையத்தின் பெயரோ இல்லாமல், மருந்து, அளவு, நேரம் மூன்றை மட்டும் தாங்கிய கையடக்கச் சீட்டு ஒன்று போதும். அதைத் தமிழில் அச்சிட்டு, எல்லா ஏ.ஆர்.டி. மையங்களுக்கும், அவற்றோடு இணைந்து மருந்து வழங்கும் இணைப்பு மையங்களுக்கும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏ.ஆர்.டி. மைய மருந்தாளுநர்கள், ஆலோசகர்கள்