வங்கியிலிருந்து வரும் மேயர்: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

தீபாவளி விருந்தில் நீங்கள் சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய வங்கியில் உயர்ந்த பொறுப்பில் இருந்த ஒருத்தரை நியூயார்க் மேயராக உட்காரவைத்தால்தான் இந்த ஊர் உருப்படும் என்றீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வாதம் எதற்கு என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் உங்கள் பேச்சுக்குத் தலையாட்டியவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் கவலை நியாயமானது. இந்த நகரத்தின் வருட பட்ஜெட் 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சம்பளம் வாங்குபவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். கணக்குத் தெரியாதவர் கையில் இதைக் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் கணக்குத் தெரிந்தால் போதுமா?

முன்னாள் மேயர் ஏப் பீமை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை அக்கவுண்டன்ட். நகரத்தின் பட்ஜெட் டைரக்டராக இருந்தவர், இரண்டு முறை கம்ப்ட்ரோலராக, அதாவது நகரத்தின் தலைமை நிதிக் கண்காணிப்பாளராக, இருந்தவர். 1973 மேயர் தேர்தலில் காசின் கணக்கு அறிந்தவர் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். அடுத்த வருடம் பதவிக்கு வந்தார். 1975-ல் நகரம் திவாலின் வாசலில் நின்றது. அன்றாடச் செலவை மூலதனக் கணக்கில் ஏற்றியது, வருமா வராதா என்று தெரியாத வருமானத்தைக் காட்டிக் குறுகிய காலக் கடன் வாங்கியது, எல்லாம் அவருக்கு முன்பே தொடங்கியவை. ஆனால் கம்ப்ட்ரோலராக அந்தப் பேரேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தவருக்கு அதெல்லாம் புதிதல்ல. ஒவ்வொரு செலவுக்குப் பின்னாலும் ஒரு சங்கம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு தொகுதி நின்றது. கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்துக் கமிஷன் பார்த்த வங்கிகளும் நின்றன. எதை வெட்டுவது என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அவருடைய கணக்கறிவு கைகொடுக்கவில்லை.

ஊரைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு லசார்ட் வங்கியின் ஃபெலிக்ஸ் ரோஹட்டினுக்கு உண்டு. உங்கள் வாதத்துக்கு இது பலம்தான். ஆனால் அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நகரத்துக்காகக் கடன் வாங்க மாநிலம் தனியாக அமைத்த நிறுவனத்தில் உட்கார்ந்து வங்கிகளோடும் சங்கங்களோடும் பேசி முடித்தார். 1975 அக்டோபர் 17 அன்று 45 கோடி டாலர் கட்டியாக வேண்டிய நிலை, கஜானாவில் பணம் இல்லை. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குப் பத்திரம் வாங்கச் சம்மதித்த பிறகுதான் அன்றைக்கு மூச்சு வந்தது. 1847-லிருந்து இலவசமாகப் படிப்புத் தந்த நகரக் கல்லூரிகளில் 1976-ல் கட்டணம் வந்தது. மிச்சமான ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்த டாலர்.

சரி, புளூம்பெர்க்குக்கு வருகிறேன். நீங்கள் மனதில் வைத்துப் பேசியதே அவரைத்தானே.

சாலமன் பிரதர்ஸில் பங்குதாரராக இருந்து, 1981-ல் வெளியேற்றப்பட்டு, சொந்த நிறுவனம் தொடங்கி, 2002 ஜனவரியில் மேயரானவர். இரட்டைக் கோபுரம் விழுந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, பட்ஜெட்டில் பெரும் பள்ளம். ஓட்டுப் போகுமே என்று பார்க்காமல் சொத்து வரியை 18.5 சதவீதம் ஏற்றினார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். சிட்டி ஹாலில் மேயரின் தனியறையை விட்டுவிட்டு, பங்குச் சந்தை வர்த்தகக் கூடம் மாதிரி ஒரே ஹாலில் எல்லோருக்கும் சின்னச் சின்ன மேஜை போட்டு நடுவில் உட்கார்ந்தார். 2003-ல் புகார்களுக்கு 311 என்ற ஒரே தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தார். அதற்கு முன் தெருவில் பள்ளம் என்றால் ஒரு எண், வீட்டில் ஹீட்டர் வரவில்லை என்றால் வேறு எண். இப்போது எந்த மொழிக்காரரும் ஒரே எண்ணுக்குப் பேசலாம், புகாருக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும், எந்தத் தெருவில் எந்தப் புகார் குவிகிறது என்று நகரத்துக்கும் தெரியும். வணிக உலகின் நல்ல பழக்கம் ஊருக்குப் பயன்பட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் எதையும் எண்ணிக்கையால் அளக்கும் அதே பழக்கம் போலீஸ் துறையில் என்ன செய்தது என்று பாருங்கள். தெருவில் போகிறவரை நிறுத்திச் சோதிப்பது 2002-ல் சுமார் 97,000 தடவை நடந்தது. 2011-ல் 6,85,724 தடவை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் மேல் எந்த வழக்கும் இல்லை, அபராதச் சீட்டுகூட இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். மேலே ஒரு எண்ணைக் கேட்டால் கீழே அந்த எண் எப்படியும் வந்து சேரும். சுவரில் கைவைத்து, காலை அகட்டி நின்று, பாக்கெட்டைத் துழாவ விட்டு, ஒன்றும் இல்லை போ என்று அனுப்பப்பட்ட பையனின் அவமானத்துக்கு எந்த அறிக்கையிலும் பத்தி கிடையாது. 2013-ல் நீதிமன்றம் அந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. அதை நிறுத்தினால் கொலைகள் பெருகும் என்றார் புளூம்பெர்க். 2017-ல் சோதனைகள் 12,000-க்கும் கீழே வந்திருந்தன. 2011-ல் 515 ஆக இருந்த கொலைகள் 292 ஆகக் குறைந்திருந்தன. 2019 நவம்பரில் புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் நின்று மன்னிப்புக் கேட்டார். ஜனாதிபதி தேர்தலுக்கு ஆயத்தமான நேரம் அது.

இன்னொன்று, இது உங்கள் துறை. அவர் விட்டுப்போன பட்ஜெட் சமநிலையில் இருந்தது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அன்றைக்கு நகரத்தின் அத்தனை தொழிற்சங்க ஒப்பந்தங்களும் காலாவதியாகிக் கிடந்தன, ஆசிரியர்களுடையது 2009-லிருந்து. அந்தப் பாக்கியைத் தவணை தவணையாகக் கொடுத்தது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். இப்படி ஒரு பாக்கியை ஒரு கம்பெனி தன் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா, அண்ணா?

வங்கியில் தலைவர் சொன்னால் நடக்கும். இங்கே மேயர் சொல்வதில் பாதிக்கு மாநிலத் தலைநகர் ஆல்பனி சம்மதிக்க வேண்டும். சுரங்க ரயில் மாநிலத்தின் கையில். மன்ஹாட்டனுக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் என்ற புளூம்பெர்க்கின் திட்டத்தை 2008-ல் மாநில சட்டமன்றம் ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. நிர்வாகத் திறமை இருந்தால் யாரும் எதையும் நடத்தலாம் என்று நம்பி, பத்திரிகை நிறுவன அதிகாரியான கேத்தி பிளாக்கைப் பள்ளிகளுக்குத் தலைவராகப் போட்டார். 2011-ல் பிளாக் சில மாதங்களிலேயே விலகவேண்டி வந்தது.

புளூம்பெர்க்காவது தன் பணத்தைச் செலவழித்தார், 2001-ல் 7 கோடி டாலருக்கு மேல். நீங்கள் சொல்வதோ சம்பளத்துக்கு வேலை பார்த்த அதிகாரியை. அப்படி வந்தவர் சிட்டிகுரூப்பின் துணைத் தலைவர் ரே மெக்வயர், 2021-ல். ஓஹியோவில் எளிய குடும்பத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் மூன்று பட்டம் வாங்கி, கறுப்பினத்தவருக்கு எளிதில் திறக்காத வால் ஸ்ட்ரீட்டில் உச்சிக்குப் போனவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் புரூக்ளினில் ஒரு வீடு பொதுவாக என்ன விலை போகிறது என்று நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு கேட்டபோது 80,000 முதல் 90,000 டாலர், அல்லது அதற்கு மேல் இருக்கலாம் என்றார். உண்மையில் 9 லட்சம். தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார். வீட்டுவசதித் துறையிலேயே அமைச்சராக இருந்த ஷான் டொனோவனும் அதே கேள்விக்கு ஒரு லட்சம் என்றார், ஆகவே இது வங்கிக்காரர்களின் நோய் மட்டுமல்ல. எந்த வேலையிலிருந்து வந்தாலும், வாடகையை நினைத்துத் தூக்கம் வராத வீடுகளை விட்டு விலகிப் போனவர்களுக்கு வருவது. வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறித்து ஓட்டுப் போடும் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் மெக்வயருக்கு முதல் விருப்ப ஓட்டு 3 சதவீதம்கூட வரவில்லை.

எங்கள் கட்டடத்தில் லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், புதுப்பிக்கும் காகிதம் வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான், இந்த வருடம் எத்தனை சதவீதம் ஏற்றம் என்று. வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு அந்த எண்ணை முடிவு செய்வது ஒன்பது பேர் கொண்ட வாரியம், ஒன்பது பேரையும் நியமிப்பது மேயர். 2013-ல், புளூம்பெர்க் காலத்தில், ஒரு வருட லீஸுக்கு 4 சதவீதம் ஏற்றினார்கள். 2015-ல், அடுத்த மேயர் டி பிளாசியோ காலத்தில், பூஜ்யம். இரண்டு வாரியத்துக்கும் முன்னால் இருந்தவை ஒரே மாதிரி அட்டவணைகள்: எண்ணெய் விலை, வரி, காப்பீடு, குடியிருப்போர் வருமானம். கட்டட உரிமையாளர்களின் கஷ்டமும் பொய்யில்லை, கொதிகலன் ஓட அவர்களுக்கும் பணம் வேண்டும். இந்த வருடம் யார் பொறுத்துக்கொள்வது என்பதை அட்டவணை சொல்லாது. அதைச் சொல்லத்தான் நாம் மேயரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அதனால் வங்கிக்காரர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் நேராக நாற்காலிக்கு வரவேண்டாம். இந்த ஊரில் 59 கம்யூனிட்டி போர்டுகள், அதாவது அந்தந்தப் பகுதியின் ஆலோசனைக் குழுக்கள், இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை, யாருக்கும் சம்பளம் கிடையாது. மதுக்கடை உரிமம், பஸ் பாதை, புதுக் கட்டடத்தின் உயரம் என்று ராத்திரி வரை பேசுவார்கள். ஒருவர் எழுந்து கத்துவார், அவர் சொல்வதில் பாதி நியாயமாக இருக்கும். அங்கே சில வருடம் உட்கார்ந்துவிட்டு வரும் நிதி அதிகாரிக்கு நானே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பேன்.

குயின்ஸில் மட்டும் 14 போர்டுகள் இருக்கின்றன. உங்களைப் போல பட்ஜெட் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிஜமாகவே தேவை. விண்ணப்பப் படிவத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அண்ணியிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி