பின்மூடியைத் திறக்க விடும் போன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்கு வருடம் உழைத்த என் போனுக்கு பேட்டரி மாற்றக் கடைக்குப் போனேன். பின்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சூடு காட்டி நெம்பியதில் டிஸ்ப்ளே விரிசல் விட்டுவிட்டது. அப்போதுதான் நண்பரிடம் பார்த்த பைன்போன் நினைவுக்கு வந்தது. நகத்தால் நெம்பினாலே பின்மூடி கழன்று வரும். பேட்டரியைக் கையாலேயே எடுக்கலாம். உள்ளே வரிசையாகச் சின்னஞ்சிறு சுவிட்சுகள்: மோடம், வைஃபை, மைக், கேமரா என ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கலாம். யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றக்கூடிய லினக்ஸ் மென்பொருளில் ஓடும் அந்த போனின் மின்சுற்று வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

போனின் உள்விவரங்களை இப்படி எல்லோருக்கும் திறந்து வைப்பது புது யோசனை அல்ல. 2007-லேயே, இதே நோக்கத்தோடு போன் செய்த ஓப்பன்மோக்கோ குழுவினர் 'நியோ 1973' என்ற போனைக் கொண்டுவந்தார்கள். மார்ட்டின் கூப்பர் கையடக்க போனில் முதன்முதலாகப் பேசிய ஆண்டுதான் அந்த 1973. 2008-ல் அவர்களின் அடுத்த போனான ஃப்ரீரன்னர் வந்தது. வெளி உறையின் வடிவமைப்புக் கோப்புகளைக்கூடப் பொதுவில் வைத்தார்கள். 2009-ல் அதற்கும் அடுத்த போனுக்கான வேலை நின்றுபோனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்த போன்களில் எல்லாமே வெளிப்படை என்று சொல்லிவிட முடியாது, சரி. டவருடன் பேசும் மோடத்தின் உள்மென்பொருள் இவற்றிலும் மூடிய பெட்டிதான். அதனால்தான் பைன்போனில் மோடத்துக்கென்றே தனி சுவிட்ச் இருப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

புது மாடல்களின் விலையையும் மெகாபிக்சலையும் வாரந்தோறும் எழுதும் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், ஒரு வாரம் இந்த போன்களுக்கு இடம் கொடுங்கள். பழுதுபார்க்கும் கடைக்காரர்களையும் கேட்டு எழுதுங்கள். வரைபடம் கையில் இருந்தால் எத்தனை போர்டுகளைக் காப்பாற்றலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

– வாசகர், ஈரோடு