அந்த மாத்திரை ஏன் என்று கேட்டாயே

கண்ணம்மா,

முதுகுவலிக்குப் போன இடத்தில் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற டுலாக்ஸடினை எழுதித் தந்துவிட்டார்கள், "வலியெல்லாம் என் மனசுலதான்னு நெனைக்கிறாங்களாம்மா" என்று போனில் கேட்டாய். இல்லைம்மா. உன் வலி நிஜம். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதுகிலோ காலிலோ கிளம்புகிற வலிச் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை. முதலில் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் இன்னொரு நரம்புக்குக் கைமாறுகிறது. அங்கே ஒரு வாசல் இருக்கிறது, எவ்வளவு செய்தியை மேலே விடுவது என்று அங்கேயே முடிவாகிறது என 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அவர்கள் சொன்ன விவரங்கள் சில பிற்பாடு மாறின, அடிப்படை நின்றுவிட்டது.

எனக்கு அதைவிட வியப்பு, அந்த வாசலுக்கு மூளையே மேலிருந்து உத்தரவு அனுப்புகிறது என்பதுதான். 1969-இல் ரெனால்ட்ஸ் என்பவர் எலிகளின் நடுமூளையில் ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே, மயக்க மருந்து இல்லாமல் வயிற்றைத் திறந்து அறுவை செய்தார். அந்த அளவுக்கு வலி அடங்கியிருந்தது! இப்படி மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தில் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன, அவை அந்த வாசலை ஒடுக்க உதவுகின்றன. சுரந்தவை உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் டுலாக்ஸடின் தடுக்கிறது, அவ்வளவுதான். மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் வலி குறைவது அதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள். அதே பாதை வலியைக் கூட்டவும் செய்யும். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் வலியை அடக்கும் செல்களும் உண்டு, தூண்டிவிடும் செல்களும் உண்டு. தூக்கம் கெட்டு, பயமும் சேர்ந்தால் வலி ஏறுவது நீ மிகைப்படுத்துவதால் அல்ல. மனசு என்று லேசாகச் சொல்கிறார்களே, அதுவும் நரம்பு வழியாகத்தான் வேலை செய்கிறது. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தே இல்லாத போலி மருந்தை வலிமருந்து என்று நம்பி வலி குறைந்தவர்களுக்கு, ஓபியம் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்ஸோனைக் கொடுத்ததும் வலி திரும்ப ஏறியது. அதாவது ஓபியம் போன்ற ஒன்றை உடம்பே சுரந்து அந்த வலியைக் குறைத்திருக்கிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். பலன் தெரிய சில வாரம் ஆகலாம், ஆரம்பத்தில் குமட்டும், சாப்பிட்ட பிறகு போட்டுப் பார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீயாகச் சட்டென்று நிறுத்தாதே, தலைசுற்றல் வரும். டாக்டரிடம் சொல், படிப்படியாகக் குறைப்பார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாய் என்றால் அதையும் மறக்காமல் அவரிடம் சொல்லிவிடு.

அம்மா