மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கிற படகு

கண்ணு,

ஆலப்புழையில சவாரிக்கு விட வாங்கலாம்னு மாப்பிள்ளை அனுப்பின பழைய படகு போட்டோவை நாலு தடவை பார்த்துட்டேன். கூரை அழகா இருக்கு, நாற்காலியெல்லாம் புதுசு. இஞ்சின் போட்டோ மட்டும் ஒண்ணே ஒண்ணு. அதுலயும் பச்சைப் பெயிண்ட் பளபளன்னு மின்னுது. முப்பத்தஞ்சு வருஷம் சேலம் கொண்டலாம்பட்டியில லாரி இஞ்சின் பிரிச்சு மாட்டினவனுக்கு அந்தப் பளபளப்பைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது. ஆயில் எங்க கசியுதுன்னு பெயிண்ட் காட்டாது. இதை அவர்கிட்ட நேரா சொன்னா, மாமனார் எல்லாத்துலயும் தலையிடறார்னு ஆயிடும். நீயே யோசிச்ச மாதிரி பேசு.

லேலண்ட் லாரி இஞ்சின்தானே, மாமாவுக்குத் தெரியாததான்னு சொன்னாராம். பிஸ்டன், லைனர், நாசில் எல்லாம் இங்கேயே கிடைக்கும், அது சரி. ஆனா படகுக்கு மாத்தின இஞ்சின்ல லாரி மாதிரி முன்னாடி ரேடியேட்டர் இருக்காது. ஒரு பம்ப் காயல் தண்ணியை உறிஞ்சி, இஞ்சின் சூட்டைத் தணிக்கற கூலருக்கு அனுப்பும். அந்தத் தண்ணி சூட்டை வாங்கிக்கிட்டு, புகையோட சேர்ந்து வெளியே போகும். பம்புக்குள்ள சுத்தறது ரப்பர் இறக்கை. உங்க ஊர் ஆகாயத்தாமரை வந்து வாயை அடைச்சா பம்ப் வறண்டு ஓடும். கொஞ்ச நேரத்துலயே ரப்பர் பிஞ்சிடும். அதோட விலை சொற்பம்தான். பிஞ்ச துண்டு கூலர்ல போய்ச் சிக்கி, இஞ்சின் சூடேறி, சிலிண்டருக்கு மேல மூடியிருக்கற ஹெட் வளைஞ்சா வர்ற பில்லுதான் ஆளைச் சாய்க்கும். வேம்பநாட்டுக் காயல்ல உப்புத் தண்ணி ஏறற காலத்துல புகைக்குழாய் வளைவு உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அது ஓட்டை விழுந்தா, இஞ்சினை நிறுத்தின பிறகு தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கிடும். அதைக் கழட்டிப் பார்க்காம ஒரு ரூபா அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இஞ்சின் ஓடினது 6,000 மணி நேரம்தான்னு மீட்டர் காட்டுதுன்னு சந்தோஷப்பட்டிருக்கே. லாரி மணிக்கு 40 கிலோமீட்டர்னு கணக்குப் போட்டா 2,40,000 கிலோமீட்டர், கண்ணு. அதுவும் லாரி ஏற்காட்டு 20 கொண்டை ஊசியையும் மூச்சு வாங்கி ஏறினா, திரும்பி இறங்கும்போது இஞ்சினுக்கு ஓய்வு. தண்ணியில இறக்கம் ஏது? அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம், லாரின்னா செயின் பிளாக் மாட்டி இஞ்சினைத் தூக்கிடுவோம். சில படகுல மேல்தளத்தை அறுத்தாத்தான் இஞ்சின் வெளியே வரும். வேலையைத் தொடறதுக்கு முன்னாடியே தச்சனுக்குக் கூலி!

94-ல நான் வாங்கின பழைய லாரி உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. நான் போய்ச் சேர்றதுக்குள்ள வித்தவன் இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தான். ஒரே செல்ஃப்ல கிளம்புச்சு, புகையே இல்ல. சூடா இருந்தா தேய்ஞ்ச இஞ்சினும் சுலபமா கிளம்பும். மெக்கானிக் நான், இஞ்சின் மேல கையை வச்சு முன்னாடியே சூடா இருக்கான்னு பார்க்கத் தோணலையே. நாலாம் மாசம் தேய்ஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு சரிபண்ற போர் வேலை வந்துது. கையில இருந்த காசெல்லாம் வண்டி விலைக்கே போயிருந்ததால அம்மாவோட சங்கிலி போச்சு. புதுசு வாங்கித் தரேன்னு இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.

அதனால காலையில முதல் சவாரிக்கு முன்னாடி போங்க. இஞ்சின் சில்லுன்னு இருக்கணும். கிளப்பினதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினா பரவாயில்ல. சூடான பிறகும் நீலமா வந்தா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு போயிருக்கும். ஆயில் ஸ்டிக்ல பால் டீ கலர் தெரிஞ்சா தண்ணி கலந்திருக்கு, பேசாம திரும்பிடுங்க. துறையில கட்டிப்போட்டு உறுமவிட்டுக் காட்டுவான், மயங்காதீங்க. ஆளை ஏத்தி ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லு. டேங்க் அடியில கொஞ்சம் டீசலைப் பாட்டில்ல பிடிச்சுப் பாரு. மழைக்காலம் பூரா சும்மா நின்ன படகுன்னா தண்ணியும் வழவழன்னு அழுக்கும் சேர்ந்திருக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தாலும், கையில இருக்கற பணத்துல மூணுல ஒரு பங்கை இஞ்சினுக்குன்னு ஒதுக்கிட்டு, மிச்சத்துக்கு வர்ற படகைப் பார்க்கச் சொல்லு.

வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ஆலப்புழை ரயிலைப் பிடிக்கறேன். அம்மா தட்டுவடை கட்டித் தர்றா. மாப்பிள்ளைகிட்ட, அப்பா காயல் பார்க்க வர்றார்னு மட்டும் சொல்லு.

அப்பா