ட்ரிப் ஆகுதுன்னு ஆர்சிசிபிய டைரக்ட் பண்ணாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. மழை ஆரம்பிச்சாலே கிரைண்டர்ல ஷாக், மோட்டார்ல ஷாக்னு பேப்பர்ல நியூஸ் வருது, ஈரக்கையோட தொட்டிருப்பாங்கன்னு பேசிட்டு விட்டுடறோம். நான் ஈரோடு பக்கம் வயரிங் வேலை பாக்கறவன். நெறைய வீட்ல டிபி பாக்ஸ (மெயின் சுவிட்ச் பெட்டி) தொறந்தா, கரண்ட் லீக் ஆனா லைன கட் பண்ற ஆர்சிசிபி இருக்கும், ஆனா அது வழியா போகாம வயர நேரா சேத்து டைரக்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. கேட்டா "மழை பேஞ்சா ட்ரிப் ஆகுதுங்க"ம்பாங்க. எங்கியோ கரண்ட் லீக் ஆகுது, அதனாலதானுங்க அது ட்ரிப் ஆகி விழுகுது!

எம்சிபி (லோடு அதிகமானா விழற சுவிட்ச்) இருக்கேன்னு நம்பாதீங்க. 16 ஆம்பியர் எம்சிபின்னா 16,000 மில்லி ஆம்பியர், அது வயர் கருகாம பாத்துக்கும், அவ்வளவுதான். ஆள் உடம்புல 30 மில்லி ஆம்பியர் தாண்டுனாலே உயிருக்கு ஆபத்து, அத எம்சிபி கண்டுக்கவே கண்டுக்காது. ஆர்சிசிபிதான் பேஸ்ல போன கரண்ட் நியூட்ரல்ல முழுசா திரும்புதான்னு பாத்து, கொறஞ்சா உடனே கட் பண்ணும்.

லீக்கேஜே இல்லாமயும் சில வீட்ல விழும். யுபிஎஸ் மாட்ட வர்றவர் தனி நியூட்ரல் இல்லாம இருக்கற நியூட்ரல்லயே சேத்து முறுக்கிட்டு போயிருப்பார், அப்ப போற கரண்டும் திரும்பற கரண்டும் ஒத்து வராம ஆர்சிசிபி விழுந்துடும். சென்ட்ரிங் மேல பைப் போடறப்பவே யுபிஎஸ் லைனுக்கு தனியா இழுத்திருந்தா இந்த தொல்லையே வராது. டைல்ஸுக்கு கடை கடையா ஏறுறவங்க வயரிங்குக்கு ஒரு டிராயிங் கேக்கறதில்ல. இதவிட மோசம், பிளக்ல எர்த்தையும் நியூட்ரலையும் லிங்க் பண்றது, நியூட்ரல் கட் ஆச்சுன்னா பிரிட்ஜ் பாடி பூரா கரண்ட்தான்.

கீசர் 2000 வாட்னா கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு லைட்டுக்கு போடற 1.5 ஸ்கொயர் எம்எம் வயரயே ஓட்டுனா வயர் சூடாகும், அந்த சூட்டுக்கும் சேத்துதான் பில் கட்டறீங்க. 2.5 போடுங்க, ஏசிக்கு 4. வயர்ல மிச்சம் புடிக்கறத விட ஃபேன்ல புடிக்கலாம்: சாதா ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு. நாளைக்கு 12 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம், மூணு ஃபேனுக்கு இலவசமா கெடைக்கற 100 யூனிட் அளவு வந்துடுது. 500 யூனிட் தாண்டாம இருக்க பாடுபடறவங்களுக்கு இது புரியும்.

புது கனெக்ஷனுக்கு ஆர்சிசிபி கட்டாயம்னு விதி இருக்குங்க, ஆனா கனெக்ஷன் குடுத்தப்பறம் அது இருக்கா, கழட்டிட்டாங்களான்னு யாரும் பாக்கறதில்ல. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்க வர்றப்ப வீட்டுக்காரங்கள ஆர்சிசிபில இருக்கற டெஸ்ட் பட்டன அமுத்தி பாக்க சொன்னா போதும், கரண்ட் போகலைன்னா கார்டுலயே குறிச்சு வெக்கட்டும். மின்வாரியம் இத யோசிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன், ஈரோடு